வெள்ளைப் பூ வந்தால் போகலாம்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதைச் சொல்வதில் வெட்கமே கிடையாது. நாய்க்குப் பயம், போலீஸ்காரனுக்குப் பயம், ஊசிக்குப் பயம், ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டுவிடுவேனோ என்று பயம். கல்யாணமாகி ஆம்பூர் பக்கத்திலிருந்து பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்தபோது கன்னடத்துக்கும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் என்ன வேண்டும் என்பதை "ஏனு பேக்கு" என்று கேட்டால் எனக்குப் பதில் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. கோழிக்குஞ்சைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவர் மட்டும் என்னவாம், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்கிற ஆள்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அவர், அவருடைய அண்ணன், அண்ணன் சம்சாரம், நான். ஆண்கள் இரண்டு பேருக்கும் ஊரின் அந்தக் கோடியில் ஒரே ஃபேக்டரியில் வேலை. அண்ணன் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது, நாங்களும் யாரையும் ஏமாற்றவில்லை. குழம்பில் புளி அதிகம், துணி காயப்போடுகிற கயிறு யாருடையது என்று வாரத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். அக்கா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கன்னடத்தில் சண்டை போடுவாள், உருதுவில் பேரம் பேசுவாள். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

என் அம்மா வீட்டில் பூப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக இலைத் துண்டில் வைத்து, வித்தியாசம் தெரியாமல் மடித்து நூல் சுற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் போட வேண்டும். கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது, தாராளமாகச் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். கேட்கிறவர் பொட்டலம் கட்டக்கூடாது, வேறு ஆள்தான் கட்ட வேண்டும். எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவே கூடாது, பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம். அதை அப்படியே ஒரு செடியடியில் போட்டுவிட வேண்டும். அம்மா இதைக் கல்யாணம், வீடு கட்டுவது மாதிரி பெரிய காரியங்களுக்குத்தான் செய்வாள். நான் ரேஷன் கடைக்குப் போவதற்குச் செய்தேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சீமெண்ணெய் வாங்குவதற்கெல்லாம் அம்மனைத் தொந்தரவு செய்கிறாயே, அவளுக்கு வேறு வேலை இல்லையா என்றாள். ஆனால் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாசலில் டால்டா டப்பாவில் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செம்பருத்தியும் வளர்ந்துகொண்டிருந்தன, பூவுக்குப் பஞ்சமில்லை. நான் எடுத்ததில் வெள்ளை வந்தது. உத்தரவு வந்த பிறகு போகாமல் இருக்க முடியுமா? வழி முழுக்க "தாயே கூட வா, தாயே கூட வா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பின்னால் வந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். சீமெண்ணெயோடு திரும்பி வந்து சேர்ந்தேன்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பஸ்ஸில் தனியாகப் போவது அடுத்தது. இந்த ஊர் பஸ்ஸில் நம்பரே கன்னடத்தில் எழுதியிருக்கும். எழுத்துத்தான் தெரியாது என்றால் எண்ணும் தெரியாது, எந்த பஸ் எங்கே போகிறது என்று யாரைக் கேட்பது? பூப் போட்டேன், வெள்ளை. ஏறினேன், தப்பான பஸ்ஸில்தான் ஏறினேன், அழுதேன், ஆனால் விசாரித்து வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைவாய்ப் பல் அழுகி முகம் வீங்கியபோதும் பூப் போட்டேன், வெள்ளை. டாக்டர் இடுக்கியை எடுத்தபோது நாற்காலியை விட்டு எழுந்து ஓடப் பார்த்தேன், ஆனால் ஓடவில்லை. அப்புறம் துணி தைக்கிற கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோதும் வெள்ளைதான், போய்ச் சேர்ந்துவிட்டேன். பயம் போனதா என்றால் போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனால் வேர்த்த கையோடு போய் வரக் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் டிசம்பரில் காவிரித் தகராறு வெடித்தது. அதுவரை காவிரி என்றால் எனக்குக் குழாயில் வருகிற தண்ணீர், அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போன ஆண்கள் இரண்டு பேரும் அன்று வீடு திரும்பவில்லை. ஃபேக்டரிக்குள்ளேயே பத்திரமாக வைத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று தெருவில் ஒருவர் சொன்னார். பஸ்ஸை நிறுத்தித் தமிழ்க்காரர்களாகப் பார்த்து இறக்கி அடிக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். எங்களிடம் போன் கிடையாது, யாரிடம் கேட்பது? அக்காவுக்கு அப்போது நிறைமாசம். முன்னால் இரண்டு கலைந்து, பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, வீட்டில் பிரசவம் பார்த்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, வலி எடுத்த உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஊரடங்கு. தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. தூரத்தில் கறுப்புப் புகை எழும்பிக்கொண்டே இருந்தது, எது எரிகிறது என்று தெரியவில்லை. தமிழ்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். கழற்றிய இடத்தில் சுவர் சதுரமாக, வெளுப்பாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அங்கே ஒரு துண்டை மாட்டினேன். துண்டு எதற்கு அங்கே தொங்குகிறது என்று கேட்டால் என்ன சொல்வது என்று அதற்கும் பயந்தேன். நானும் அக்காவும் பேசுவதையே நிறுத்திவிட்டோம். பேசினால் தமிழ்தானே வரும்.

மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே வலி எடுத்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பாயை ஆட்டோ எடுக்கச் சொல்லு என்றாள். வெளியே போவதா? இந்த நேரத்திலா? இரு அக்கா, பூப் போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வலி வந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கட்டிக் கொடுக்க ஆள் இல்லை. நானே கட்டினேன். வாழையிலைக்கு எங்கே போவது, பழைய பேப்பரைக் கிழித்து, இரண்டு பூவையும் மடித்து, கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று தெரியாதபடி மாற்றி மாற்றிப் போட்டு, அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். கேட்டேன். எடுத்தேன். பிரித்தால் செம்பருத்தி, ரத்தம் மாதிரி சிவப்பாக. அத்தனை வருஷத்தில் நான் பார்த்த முதல் சிவப்பு. ஐயோ, இவளைக் கூட்டிக்கொண்டு போனால் செத்துவிடுவாள், போகாவிட்டாலும் செத்துவிடுவாள், நான் என்ன செய்வேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என்ன வந்தது என்று அக்கா கேட்டாள். சொன்னேன்.

"நான் கட்டுனதுல சிவப்பே கெடையாதுடி," என்றாள். "எப்பவும் ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வந்த ஆத்திரத்தில் அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பதே மறந்துபோனது. அடிப்பாவி, சாமி காரியத்தில் விளையாடுவாயா, என்னைப் பொம்மை மாதிரி ஆட்டிவைத்தாயா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தினேன் என்றால் ரகசியக் குரலில்தான், தெருவுக்குத் தமிழ் கேட்டுவிடக்கூடாதே. கத்தி முடித்ததும்தான் உண்மையான பயம் வந்தது. அந்தப் பல் டாக்டர் நாற்காலியில், அந்தத் தப்பான பஸ்ஸில், அம்மன் உத்தரவு கொடுத்திருக்கிறாள், பக்கத்தில் இருக்கிறாள் என்று நம்பித்தானே உட்கார்ந்திருந்தேன். உத்தரவே வரவில்லை என்றால் பக்கத்தில் யார் இருந்தது? யாருமே இல்லையா? முடிந்துபோன அத்தனை நாளுக்கும் சேர்த்து அந்த ஒரு நிமிஷத்தில் பயந்தேன்.

அக்கா என் முகத்தைப் படித்துவிட்டாள். "அம்மன் உன்கூட வரலைன்னு நான் சொன்னேனா?" என்றாள். "பொட்டலம் கட்டுனதுதான் நானு. போனதும் வந்ததும் நீதானே." அதற்கு மேல் பேச முடியாமல் சரிந்து உட்கார்ந்தாள். அவள் புடவையில் ஈரம் தெரிந்தது. அது தண்ணீர் மட்டும் இல்லை.

அந்த ஈரத்தைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. அம்மன் படத்தைப் பார்த்து, தாயே, நீ வேண்டாம் என்கிறாய், நான் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே, என்னோடு வராவிட்டாலும் அவளோடு வா என்று சொன்னேன். அதுவரை நான் வேண்டிக்கொண்டதெல்லாம் எனக்காகத்தான். சொல்லிவிட்டுப் பாய் வீட்டுக்கு ஓடினேன்.

பாய் ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார். முந்தின நாள்தான் அவர் கண்ணெதிரே ஒரு வண்டியைக் கொளுத்தியிருக்கிறார்கள். நிலைமையைச் சொன்னதும் தார்ப்பாயை உருவினார். ஆனால் கன்னடக் கொடி கட்டாமல் வண்டி எடுத்தால் மெயின் ரோடு தாண்ட முடியாதும்மா என்றார். கொடிக்கு எங்கே போவது? தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் பீரோவில் இருந்தன. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. கையாலேயே நாலு ஓட்டுத் தையல் போட்டு இணைத்து, ஒட்டடைக்குச்சியின் கம்பை ஒடித்து, ஆட்டோ முன்னால் கட்டினேன். தைக்கத் தெரிந்த கைதான், ஆனாலும் ஊசி விரலில் ஏறிக்கொண்டே இருந்தது. அக்காவை இரண்டு பேரும் தூக்கி உட்கார வைத்தோம்.

சந்து பொந்தெல்லாம் புகுந்து பாய் ஓட்டினார். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து இருந்த பாதியை மட்டும் உடைத்திருந்தார்கள். அல்சூர் பக்கம் மெயின் ரோட்டில் ஏறும் முனையில் டயர் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டம், எல்லார் கையிலும் கட்டை. பாய் வண்டியை நிறுத்தினார். அவர் முதுகில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கன்னடம் பேசத் தெரிந்தவள் என் மடியில் கண்ணை மூடிக் கிடக்கிறாள், பேசத் தெரியாதவள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குச் செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஒருத்தன் கொடியைப் பார்த்துக்கொண்டே வந்தான். முன்னால் குனிந்தான், துணியை விரலால் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியதும்தான் எனக்கும் உறைத்தது. அவர்கள் கொடியில் மேலே மஞ்சள், கீழே சிவப்பு. நான் சிவப்பை மேலே வைத்துத் தைத்துவிட்டேன். மஞ்சள் பூசி அதற்கு மேல் குங்குமம் வைக்கிற பழக்கம், கை அப்படியே தைத்துவிட்டது. மாநிலம் பிறந்த நாள் என்று நவம்பர் மாசம் முழுக்கத் தெருவுக்குத் தெரு பறக்கிற கொடி, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இந்த ஊர்க்காரர் யாராவது இப்படித் தலைகீழாகத் தைப்பார்களா?

இதைக் கட்டியது யார் என்று கன்னடத்தில் கேட்டான். பாய் வாயைத் திறக்கவில்லை. பாய் என்று சொன்னால் பாயை அடிப்பான். அக்காவைக் கேட்டால் அவள் பேசும் நிலையில் இல்லை. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டின நாக்கை எப்படியோ பிய்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

"நானே."

தமிழிலும் அது நானே, கன்னடத்திலும் நானே. அதை யோசித்துச் சொன்னேன் என்று பெருமையடிக்க மாட்டேன். அந்த நேரத்தில் யோசிக்கிற மூளை எனக்கு இல்லை. உண்மை அதுதான், அது வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் யார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு நெருங்கினார்கள். அப்போது அக்காவுக்கு வலி வந்து "அம்மா" என்று அலறினாள். அவன் அவள் வயிற்றைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான். கையிலிருந்த கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பிலிருந்து துணியை அவிழ்த்து, திருப்பி, மஞ்சள் மேலே வரும்படி இறுக்கிக் கட்டினான். பின்னால் இருந்தவர்களிடம் ஆஸ்பத்திரி கேஸ் என்று சொல்லி வழிவிடச் சொன்னான்.

அவனை நல்லவன் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நல்லவனுக்கு அந்தக் கட்டை எதற்கு? அதற்கு முன்னால் அவன் கை என்ன செய்தது, எங்களுக்குப் பிறகு என்ன செய்தது, எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முனையிலும் ஒரு கூட்டம் இருந்தது, அவர்கள் கொடியைப் பார்த்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். அவன் போட்ட முடிச்சுத்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. முதலில் அழவில்லை என்று உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் கூட உட்காராமல் சுவரோடு சுவராக நின்றேன். அழுகைச் சத்தம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் என்னைத்தான் முதலில் வந்து பார்த்தாள்.

மறுநாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்துகிறார்கள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போயாக வேண்டும். குழந்தைக்கு ஒரு துணி இல்லை. அதைவிட, ஆண்கள் வந்தால் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்ததும், பாயிடம் கூட விசாரிக்காமல், என்னவோ ஏதோவென்று எங்களைத் தேடி ரோட்டில் இறங்கிவிடுவார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. ரயில் பாதையோரமாக நடந்து அவர்கள் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான். பாய் ராத்திரியே ஓர் ஆஸ்பத்திரி வண்டிக்குப் பின்னாலேயே ஆட்டோவை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். நடந்துதான் போக வேண்டும், தனியாக, அதே முனையைத் தாண்டி.

அக்கா கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் மேல் கோபமும் எனக்கு இன்னும் தீரவில்லை, அதையும் சொன்னேன். உனக்கென்ன, நீ வெள்ளையை வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருப்பாய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனது நான்தானே என்றேன்.

"நிம்மதியாவா?" என்றாள். "நீ தெருமுனை திரும்புற வரைக்கும் உள்ள வரமாட்டேன். பஸ்ல போனியே, அன்னைக்கு உலை கொதிச்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு, நான் வாசல்ல நிக்கிறேன். உனக்கு ஏதாவது ஆனா உன் ஊட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது, சாமிக்கு என்ன பதில் சொல்றதுன்னு வவுறு எரிஞ்சுகிட்டு நிக்கிறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உனக்கு நான் வெள்ள வெச்சேன். எனக்கு யாருடி வெச்சா?"

பயமே இல்லாதவள் என்று நினைத்துத்தான் அத்தனை வருஷம் அவள்மேல் பொறாமைப்பட்டேன். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை கையை உதறிக்கொண்டு தூங்கியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"போயிட்டு வரேன்க்கா," என்றேன்.

எப்போதும் சரி, சரி, கிளம்பு என்று விரட்டுகிறவள், அன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வரணும்," என்றாள்.